தேருக்கு வெள்ளோட்டம் உண்டு, டாக்டருக்கு?



திருவண்ணாமலைத் தேரோட்டத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் உங்கள் ஊர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். ஆனால் தேர் மாடவீதி முனையில் சரியாகத் திரும்புவதும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும் வடம் பிடிப்பவர் கையில் இல்லை. முட்டுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தை ஒட்டியே நடந்து வருகிறார்களே, அந்தச் சிலர் கையில்தான் இருக்கிறது. கட்டையை ஒரு நொடி முந்திப் போட்டாலும் ஆபத்து. பிந்திப் போட்டாலும் ஆபத்து.

அவர்கள் பல ஆண்டுகளாகப் பழகியவர்கள். ஆனாலும் தேரைப் பழுது பார்த்தாலோ புதுச் சக்கரம் பூட்டினாலோ, அதை நேராகத் திருவிழாவன்று வீதிக்குக் கொண்டுவருவதில்லை. முன்னதாக ஒருநாள் வெள்ளோட்டம் விடுகிறார்கள். “எங்களுக்குத் தெரியாததா?” என்று யாரும் முறுக்கிக்கொள்வதில்லை. ஏனென்றால் கட்டை போடுபவர் பழையவராக இருக்கலாம். தேர் இப்போது புதியது.

இந்த மாதம் நான் உங்களோடு பேச விரும்புவது தேரைப் பற்றி அல்ல. டாக்டர்களின் படிப்பைப் பற்றி. அதிலும் குறிப்பாக, இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையைச் சில மணி நேரமோ சில வாரமோ இயந்திரத்திடம் ஒப்படைக்கும் அறுவை சிகிச்சை நிபுணர்களின் படிப்பைப் பற்றி. அந்தப் படிப்பு பட்டம் வாங்கிய நாளோடு முடிந்துவிடக் கூடாது. அது சென்னை போன்ற பெருநகரங்களோடு நின்றுவிடவும் கூடாது. இதுவே என் கட்சி. காரணங்களைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு சிறு கணக்கு

முதலில் அந்த இயந்திரங்கள் என்ன வேலையை ஏற்கின்றன என்று பார்ப்போம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வாக இருக்கும் ஒருவருடைய இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடிக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. பெருக்கிப் பாருங்கள்: 4,900 மில்லிலிட்டர். அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். அண்ணாமலையைச் சுற்றும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதை ஒருவர் நான்கு மணி நேரத்தில் சுற்றி முடிக்கிறார். ஓய்வுக் கணக்கை வைத்துப் பார்த்தாலே அந்த நேரத்தில் அவர் இதயம் இறைக்கும் இரத்தம் 1,200 லிட்டர். மொட்டைமாடியில் வைக்கும் 1,000 லிட்டர் தொட்டி நிரம்பி வழிந்துவிடும். நடக்கும்போதோ இதயம் இன்னும் அதிகமாக இறைக்கும். ஆனால் உடலில் உள்ள இரத்தம் மொத்தமே 5 லிட்டர் அளவுதான். அதே இரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது.

இனி நுரையீரல். அதிலுள்ள கோடிக்கணக்கான நுண்ணறைகளைப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் பரப்பு வரும் என்பார்கள். 10 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பெரிய வகுப்பறையின் தரை அளவு! அவ்வளவு பரப்பில் இரத்தம் மெல்லிய படலமாகப் பரவி, கரியமில வாயுவைக் கொடுத்துவிட்டுப் பிராணவாயுவை வாங்கிக்கொள்கிறது.

இந்த இரண்டு வேலைகளும் நான்கைந்து நிமிடங்கள் நின்றாலே மூளை கெடத் தொடங்கிவிடும். ஆகவேதான் இதயத்தைத் திறந்து பழுதுபார்ப்பது என்பது நெடுங்காலம் நடவாத காரியமாக இருந்தது. ஓடுகிற பஸ்ஸின் எஞ்சினை ஓட்டத்திலேயே கழற்றி மாட்ட முடியுமா? இதயத்தை நிறுத்தினால்தான் உள்ளே தைக்க முடியும். நிறுத்தினாலோ உயிர் போய்விடும்.

கிப்பனின் 22 ஆண்டுகள்

1931ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டர், நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி அடைத்த ஒரு பெண்ணின் அருகில் இரவெல்லாம் இருந்து கவனித்தார். அந்தப் பெண்ணின் இரத்தம் கறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் அவர் இறந்தார். கிப்பனுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. கறுத்த இரத்தத்தைச் சிரையிலிருந்து வெளியே எடுத்து, பிராணவாயு ஊட்டி, தமனிக்குள் திருப்பி அனுப்ப முடிந்தால்?

கேட்டவர்கள் பலரும் ஊக்கம் தரவில்லை. கிப்பனும் அவர் மனைவி மேரியும் பூனைகளைக் கொண்டு ஆண்டுக்கணக்காகச் சோதனை செய்தார்கள். 1953ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், பிலடெல்பியா நகரில், செசீலியா பவோலெக் என்ற 18 வயதுப் பெண்ணின் இதய மேலறைகளுக்கு இடையே இருந்த ஓட்டையைக் கிப்பன் தைத்து மூடினார். 26 நிமிடங்கள் அந்தப் பெண்ணின் இதயமாகவும் நுரையீரலாகவும் அவருடைய இயந்திரமே இருந்தது. பெண் பிழைத்தாள். எண்ணம் தோன்றியதிலிருந்து அது கைகூடும்வரை 22 ஆண்டுகள்!

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். ஆனால் அடுத்து அதே இயந்திரத்தைக் கொண்டு சிகிச்சை செய்த குழந்தைகள் பிழைக்கவில்லை. கிப்பன் மனம் உடைந்து இதய அறுவையையே நிறுத்திவிட்டார். ஆனால் அவர் ஒரு பெரிய காரியம் செய்தார். தம் இயந்திரத்தின் வரைபடங்களைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் கிர்க்லின் குழுவினர் அந்த வரைபடங்களை வாங்கி, குறைகளைத் திருத்தி, தங்களுக்கென ஓர் இயந்திரம் செய்து, 1955இல் வெற்றிகரமாக அறுவை செய்யத் தொடங்கினார்கள்.

ஒருவருடைய தோல்வி இன்னொருவருக்குப் பாடமானது. ஏற்கெனவே பட்டம் பெற்று, பேரும் பெற்ற டாக்டர்கள், மீண்டும் மாணவர்களாகி இன்னொருவரிடம் கற்றார்கள். இதய அறுவை என்ற துறையே இப்படித்தான் பிறந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

நம் பக்கத்து ஊருக்கு வருவோம். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சுமார் 80 கிலோமீட்டர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1940களின் இறுதியில் மார்பு அறுவைத் துறையைத் தொடங்கி, நம் நாட்டு டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1960களின் தொடக்கத்தில் அதே கல்லூரியில் டாக்டர் என். கோபிநாத் இதய–நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு திறந்த இதய அறுவை செய்தார். இந்தியாவில் நடந்த முதல் திறந்த இதய அறுவைகளுள் அதுவும் ஒன்று. 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் இதயத் தமனி மாற்றுவழி அறுவையைச் செய்தார்.

இவர்களில் கோபிநாத் மருத்துவக் கல்லூரியில் படித்தபோது இதய–நுரையீரல் இயந்திரம் உலகின் எந்த மருத்துவமனையிலும் பயன்பாட்டில் இல்லை. அது அவர் பாடப்புத்தகத்தில் இருந்திருக்க முடியாது. பட்டத்துக்குப் பிறகு படித்த படிப்பே நம் நாட்டுக்கு இதய அறுவையைக் கொண்டுவந்தது.

“எக்மோ” என்ற சொல்

அறுவை மேசையில் பயன்படும் இயந்திரம் சில மணி நேரத்துக்குத்தான். நாள்கணக்கில், வாரக்கணக்கில் உதவக்கூடிய அதன் தங்கைதான் எக்மோ. காலிலோ கழுத்திலோ உள்ள பெரிய சிரையில் குழாய் செருகி இரத்தத்தை வெளியே எடுக்கிறார்கள். ஒரு பம்பு அதைச் செயற்கை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அதனுள் மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் இருக்கின்றன. குழாய்களுக்குள்ளே பிராணவாயு, வெளியே இரத்தம். குழாயின் சுவர் வழியாகவே வாயுக்கள் இடம் மாறிக்கொள்கின்றன. இந்தச் செயற்கை நுரையீரலின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2 சதுர மீட்டர்தான். இயற்கை நமக்குக் கொடுத்த வகுப்பறைக்கு முன்னால் அது ஒரு பாய் அளவு! தூய பிராணவாயுவைச் செலுத்துவதால் அந்தப் பாயை வைத்தே ஒருவாறு சமாளிக்க முடிகிறது.

1971இல் அமெரிக்காவில் விபத்தில் நுரையீரல் செயலிழந்த 24 வயது இளைஞர் ஒருவர் மூன்று நாள் இவ்வகைக் கருவியில் இருந்து உயிர் பிழைத்தார். 1975இல் டாக்டர் ராபர்ட் பார்ட்லெட் ஒரு பச்சிளங் குழந்தையை இதன் உதவியால் காப்பாற்றினார். தாய் விட்டுச்சென்ற அந்தக் குழந்தைக்குத் தாதியர் வைத்த பெயர் எஸ்பெரான்சா. ஸ்பானிய மொழியில் அதற்கு நம்பிக்கை என்று பொருள்.

ஆனால் தமிழ்நாட்டில் இந்தச் சொல் எப்படி வந்து சேர்ந்தது? 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா உயிருக்குப் போராடியபோது செய்திகளில் வந்தது. 2020இல் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் பல வாரங்கள் மருத்துவமனையில் இருந்தபோது மறுபடி வந்தது. இருவரும் பிழைக்கவில்லை. ஆகவே “எக்மோ வைத்தால் ஆள் பிழைக்கமாட்டார்” என்றும், “இறந்தவரை உயிரோடிருப்பதாகக் காட்டும் கருவி” என்றும் டீக்கடை முதல் திண்ணை வரை பேச்சு பரவிவிட்டது.

இது சரியல்ல. எக்மோ நோயைக் குணப்படுத்தும் மருந்து அல்ல. இறந்தவரை எழுப்பும் மந்திரமும் அல்ல. வெள்ளத்தில் பாலம் உடைந்தால் தற்காலிகமாக ஒரு பாலம் போடுகிறார்களே, அதுபோன்றது. நிரந்தரப் பாலம் சரியாகும்வரை போக்குவரத்து நடக்கும். சரியாகாமலே போனால், தற்காலிகப் பாலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. உலகெங்கும் திரட்டிய பதிவேடுகளின்படி, நுரையீரல் கோளாறுக்காக எக்மோவில் வைக்கப்பட்ட பெரியவர்களில் பத்துக்கு ஆறு பேர் அளவுக்குப் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். இதயக் கோளாறு என்றால் பாதிக்குச் சற்றுக் குறைவு. மற்ற வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகே இதில் வைக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

வலக்கையா, இடக்கையா?

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். இயந்திரத்தை வாங்கிவிட்டால் போதாதா, டாக்டர் ஏன் மறுபடி படிக்க வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டு.

இதயத்துக்கும் துணை செய்யும் எக்மோவில், பிராணவாயு ஊட்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் தொடையிலுள்ள தமனி வழியாக உள்ளே அனுப்புகிறார்கள். அது பெருந்தமனியில் கீழிருந்து மேலாகச் செல்கிறது. நோயாளியின் இதயம் மெல்லத் தேறி வரும்போது, அதுவும் தன் பங்குக்கு மேலிருந்து கீழாக இரத்தத்தைத் தள்ளுகிறது. இரண்டு ஓட்டங்களும் நடுவழியில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. இதயம் வலுப்பெற வலுப்பெற, அந்தச் சந்திப்பு கீழ்நோக்கி நகரும்.

இதயம் தேறி, நுரையீரல் மட்டும் இன்னும் தேறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயத்திலிருந்து வெளிவரும் இரத்தத்தில் போதிய பிராணவாயு இராது. பெருந்தமனியின் வளைவிலிருந்து முதலில் பிரியும் கிளை எது? உயிரியல் புத்தகத்தைப் புரட்டுங்கள். வலக்கைக்கும் தலையின் வலப்பக்கத்துக்கும் போகும் கிளை! ஆகவே மூளைக்கும் இதயத்துக்கும் பிராணவாயு குறைந்த இரத்தம் போகும். கால்களுக்கோ இயந்திரத்தின் நல்ல இரத்தம் போகும். பிராணவாயு அளக்கும் கருவியைக் கால் விரலில் மாட்டியிருந்தால், அது “எல்லாம் நலம்” என்று காட்டிக்கொண்டே இருக்கும். மூளையோ கெட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் அக்கருவியை வலக்கை விரலில் மாட்ட வேண்டும். இரத்த மாதிரியும் வலக்கையிலிருந்து எடுக்க வேண்டும்.

எவ்வளவு சிறிய செய்தி பாருங்கள்! பணம் செலவில்லை. புது இயந்திரம் வேண்டாம். எந்தக் கை என்று தெரிந்தால் போதும். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாதவர் கையில் கோடி ரூபாய் இயந்திரமும் கண் கட்டிய குதிரைதான்.

நாடி துடிக்காத யாத்திரிகர்

இன்னோர் எடுத்துக்காட்டு. இது கற்பனைதான், ஆனால் நடக்கக்கூடியது.

கார்த்திகைத் தீபத்தன்று மலையைச் சுற்ற வந்த ஒருவர் பாதையோரம் மயங்கி விழுகிறார். அருகிலுள்ள சிறிய மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். டாக்டர் நாடி பார்க்கிறார்; நாடி இல்லை. இரத்த அழுத்தம் அளக்கும் பட்டையைச் சுற்றுகிறார், ஒன்றும் கேட்கவில்லை. என்ன முடிவுக்கு வருவார்?

ஆனால் அந்த மனிதரின் இடுப்பில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி வயிற்றுத் தோலுக்குள் போகிறது. அவர் இதயத்தோடு ஒரு துணைப் பம்பைப் பொருத்தியிருக்கிறார்கள். இத்தகைய பம்புகள் இதயம்போல் விட்டுவிட்டு இறைப்பதில்லை. கிணற்று மோட்டார்போல இடைவிடாமல் இறைக்கின்றன. ஆகவே நன்றாக உயிரோடு நடமாடுபவருக்கும் கையில் நாடி தட்டுப்படாமல் இருக்கலாம். இவரிடம் முதலில் செய்ய வேண்டியது, மார்பில் காதுக்குழல் வைத்துப் பம்பின் ரீங்காரம் கேட்கிறதா என்று பார்ப்பது. பெட்டியில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, பாட்டரி தீர்ந்துவிட்டதா, கம்பி கழன்றிருக்கிறதா என்று பார்ப்பது. கழன்ற கம்பியை மாட்டினாலே உயிர் திரும்பக்கூடும்.

இந்தப் பம்புகளைப் பொருத்தும் மருத்துவமனைகள் சென்னை போன்ற பெருநகரங்களில் இருக்கலாம். ஆனால் பம்பு பொருத்தியவர்கள் சென்னையிலேயே கட்டுண்டு கிடப்பார்களா? திருவண்ணாமலைக்கும் வருவார்கள், திருச்செந்தூருக்கும் போவார்கள். ஆகவே அந்தப் பாடம் அங்குள்ள டாக்டர்களையும் சென்றடைய வேண்டும்.

கற்றதும் பழசாகிவிடுகிறது. உலகெங்கும் பயன்பட்ட ஒருவகை இதயத் துணைப் பம்பின் விற்பனையை 2021 ஜூனில் அதன் உற்பத்தியாளர்களே நிறுத்தினார்கள். மற்றொரு வகையோடு ஒப்பிட்டால் அதில் மூளைப் பாதிப்பும் இறப்பும் அதிகம் என்றும், நின்ற பம்பு சில சமயம் மீண்டும் ஓடத் தவறுகிறது என்றும் கண்டதே காரணம். அதற்காக, ஏற்கெனவே பொருத்தியவர்களுக்கெல்லாம் உடனே கழற்றிவிட வேண்டும் என்றும் சொல்லவில்லை. கழற்றுவதிலும் ஆபத்து உண்டல்லவா? அந்தப் பம்பைப் பற்றி 2018இல் நன்றாகப் படித்துவிட்டு, அதன்பின் படிக்காத ஒரு டாக்டர் இன்று என்ன செய்வார்?

இயந்திரமா, குழுவா?

2009இல் வெளியான ஓர் ஆங்கிலேயச் சோதனையைச் சொல்கிறேன். நுரையீரல் கடுமையாகப் பழுதான 180 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். 90 பேர் இருந்த மருத்துவமனையிலேயே சிகிச்சை பெற்றார்கள். மற்ற 90 பேரை எக்மோவில் தேர்ந்த ஒரு மையத்துக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு, பெரும் ஊனமின்றி உயிரோடிருந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 47. இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 63. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இரண்டாம் 90 பேரில் 68 பேருக்குத்தான் எக்மோ வைக்கப்பட்டது. மற்றவர்களில் பெரும்பாலோர் அங்கிருந்த தேர்ந்த குழுவின் சாதாரணச் சிகிச்சையிலேயே தேறினார்கள். வென்றது இயந்திரம் மட்டுமா, பழகிய கைகளுமா?

2015இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஆண்டுக்கு 30க்கு மேற்பட்ட பெரியவர்களுக்கு எக்மோ வைக்கும் மருத்துவமனைகளில், ஆறுக்கும் குறைவாக வைக்கும் மருத்துவமனைகளைவிட இறப்பு குறைவு என்று காட்டியது. ஆகவே, “ஊருக்கு ஓர் எக்மோ வாங்கிவையுங்கள்” என்று நான் கேட்கமாட்டேன். ஆண்டுக்கு ஒருமுறை தொடும் இயந்திரம் யாரையும் காப்பாற்றாது. நான் கேட்பது ஊருக்கு ஊர் அறிவு. இயந்திரமோ சில தேர்ந்த இடங்களில்.

30 மணி நேரம் போதுமா?

டாக்டர்கள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெற வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2002ஆம் ஆண்டு விதிகளில் சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மணிக்கணக்கு அறிவுக்கணக்கு ஆகிவிடுமா? வகுப்பில் வருகைப் பதிவு முழுதாக இருந்தும் கணக்குத் தேர்வில் கோட்டை விட்டவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்! நான் போய்ப் பார்த்த சில மருத்துவக் கூட்டங்களில், காலையில் கையெழுத்துப் போட்டவர்கள் பலர் மதிய உணவோடு காணாமல் போனார்கள். மேடையில் இருந்தவர் திரையில் எழுதியிருந்ததைப் படித்தார். கேள்வி கேட்டவர் இருவர்.

அறிவு கைக்கு வர வேண்டுமானால் கையால் செய்து பார்க்க வேண்டும். இதற்கு ஒத்திகைப் பயிற்சி என்று ஒரு முறை இருக்கிறது. படுக்கையில் ஒரு பொம்மை; அதனோடு உண்மையான எக்மோ குழாய்கள்; உள்ளே இரத்தத்துக்குப் பதில் சிவப்புச் சாய நீர். திடீரென்று பயிற்சியாளர் பம்பை நிறுத்திவிடுவார். மோட்டார் கெட்டுவிட்டது என்று பொருள். உடனே குழாயைக் கவ்வியால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரத்தம் எதிர்த்திசையில் ஓடிவிடலாம். பிறகு பம்பின் தலையைக் கழற்றிக் கைப்பிடி உள்ள சுழற்றியில் மாட்டி, கையாலேயே சுற்றத் தொடங்கி, கவ்வியை எடுக்க வேண்டும். ஆமாம், இவ்வளவு நவீன இயந்திரத்துக்கும் கடைசித் துணை, கிணற்று ராட்டினம்போல் ஒரு கைப்பிடிதான்! குழாயில் காற்று புகுந்தால் என்ன செய்வது, குழாய் பிடுங்கிக்கொண்டால் யார் எதைப் பிடிப்பது என்றெல்லாம் டாக்டரும், தாதியும், இயந்திரத்தை இயக்குபவரும் சேர்ந்தே பழகுகிறார்கள். பொம்மை இறந்தால் யாரும் அழவேண்டியதில்லை. அதுதான் வெள்ளோட்டம்.

என் யோசனைகள் மூன்று. ஒன்று, தொடர்கல்வியில் ஒரு பங்காவது இத்தகைய கைப்பயிற்சியாக இருக்க வேண்டும். முடிவில் செய்து காட்டச் சொல்ல வேண்டும். இரண்டு, பயிற்சி டாக்டர்களைத் தேடி வர வேண்டும். திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தீபத் திருவிழாவுக்குச் சில வாரம் முன்பு, வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒரு குழு பொம்மையோடும் குழாயோடும் அங்கு வந்து இரண்டு நாள் பயிற்சி தரலாம். யாரை எப்போது பெரிய மையத்துக்கு அனுப்புவது, வழியில் எப்படிக் காப்பது, யாரைத் தொலைபேசியில் கேட்பது என்பதே முக்கியப் பாடமாக இருக்கட்டும். மூன்று, தோல்விகளையும் பாடமாக்க வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டாம், தவற்றைச் சொல்லட்டும். கிப்பனின் தோல்வி பூட்டிவைக்கப்பட்டிருந்தால் கிர்க்லினின் வெற்றி ஏது?

மறுப்பவர்கள் சொல்வதையும் கேட்போம். “வெளிநோயாளர் வரிசை வாசல்வரை நிற்கிறது. இரண்டு நாள் விட்டுவிட்டுப் போனால் அவர்களை யார் பார்ப்பது?” என்கிறார்கள். உண்மையான சங்கடம்தான். சிறு ஊர் டாக்டருக்குப் பதில் ஆள் கிடைப்பதில்லை. ஆகவேதான் டாக்டரைச் சென்னைக்குக் கூப்பிடாமல் பயிற்சியை இங்கே அனுப்பச் சொல்கிறேன். பதில் ஆள் ஏற்பாட்டையும் அரசே செய்ய வேண்டும் என்கிறேன். “செலவு யார் தருவது?” என்பது அடுத்த கேள்வி. மருந்துக் கம்பெனிகளும் கருவிக் கம்பெனிகளும் தர முன்வரும். ஆனால் விற்பவர் செலவில் படித்தால், வாங்கச் சொல்லும் பாடம் நிறையவும், வேண்டாம் என்று சொல்லும் பாடம் குறைவாகவும் இருக்கும் அல்லவா? அதனால் இது பொதுப்பணத்தில் நடப்பதே முறை.

உங்கள் கையிலும் ஒரு பம்பு

“இதெல்லாம் டாக்டர்கள் பாடு, எங்களுக்கு என்ன?” என்று கேட்கிறீர்களா? இதயத்துக்கு இயந்திர உதவி தரும் முதல் கருவி உங்களிடமே இருக்கிறது: உங்கள் இரண்டு உள்ளங்கைகள்!

ஒருவர் மயங்கி விழுந்து, கூப்பிட்டால் அசையாமல், மூச்சும் சரியாக இல்லாமல் கிடந்தால், ஒருவர் 108க்குத் தொலைபேசி செய்யட்டும். மற்றவர் மார்பு எலும்பின் கீழ்ப்பாதி நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறுகையை மேலே வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு ஆழம் சுமார் 5 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக எழும்ப இடம் கொடுக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் செய்யலாம். தீபத்தன்று மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் கூட்டத்தைப் பிளந்து வருவதற்குள் நான்கைந்து நிமிடம் போய்விடும். அந்த நிமிடங்களில் எந்தச் சென்னை நிபுணரும் வரப்போவதில்லை. பக்கத்தில் நிற்கும் நீங்கள்தான்.

இதைப் பள்ளிக்கு வரும் பயிற்சியாளரிடம் பொம்மையின் மேல் முறையாகப் பழகுங்கள்; நல்ல உடலோடு இருக்கும் நண்பன்மேல் அழுத்திப் பார்க்காதீர்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அதே பொம்மையில் செய்து பாருங்கள். வேகம் தவறும், ஆழம் குறையும். பயிற்சி பெற்ற சில மாதங்களிலேயே இந்தத் திறமை மங்கத் தொடங்கிவிடுகிறது என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இந்த முறையின் விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2010க்கு முன் முதலில் மூச்சுவழியைச் சரிசெய்து மூச்சு கொடுக்கச் சொன்னார்கள். அதன்பின் முதலில் மார்பை அழுத்தச் சொன்னார்கள்.

இரண்டு கை வேலைக்கே இப்படி என்றால், குழாயும் பம்பும் செயற்கை நுரையீரலும் கொண்ட வேலைக்கு எவ்வளவு பழக்கம் வேண்டும்?

நாளை உங்களில் சிலர் டாக்டர் ஆவீர்கள். பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுத்துக்கொள்வீர்கள். அன்றைக்கு இந்தக் கட்டுரை நினைவில் இருந்தால், படிப்பு முடிந்தது என்று யாரிடமும் சொல்லாதீர்கள். டாக்டர் ஆகாதவர்கள் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ ஒருநாள் மருத்துவமனைக்குப் போவீர்கள். அப்போது டாக்டரிடம், “ஐயா, இந்தச் சிகிச்சைக்குக் கடைசியாக எப்போது பயிற்சி எடுத்துக்கொண்டீர்கள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபிக்கமாட்டார், தேதியைச் சொல்வார்.

உங்கள் பள்ளியில் மார்பு அழுத்தப் பயிற்சி நடந்திருக்கிறதா? நடந்திருந்தால், ஆறு மாதம் கழித்து உங்கள் வகுப்பில் எத்தனை பேர் அதைச் சரியாகச் செய்தார்கள்? சோதித்துப் பார்த்து எங்களுக்கு எழுதுங்கள். என் கருத்தை மறுப்பவர்களும் தாராளமாக எழுதலாம், காரணத்தோடு எழுதுங்கள்.